வர்க்கலைக் குன்றும் அதன் நீரும்

திருவனந்தபுரத்திலிருந்து கொல்லம் செல்லும் இரயில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் கடந்ததும் வர்க்கலை நிலையத்தில் நிற்கிறது. அங்கு இறங்குவோரில் ஒரு சாரார் ஸ்ரீ நாராயண குருவின் சமாதி அமைந்த சிவகிரிக்குச் செல்வோர். மற்றொரு சாரார் ஜனார்த்தன சுவாமியைத் தரிசித்து, பாபநாசக் கடற்கரையில் பிதிர்க்கடன் செலுத்த வந்தோர். அண்மைக் காலத்தில் கடற்குளியலுக்கும் காற்றுக்கும் வரும் வெளிநாட்டார் தொகையும் பெருகியுள்ளது. மண்ணைப் பார்ப்பதற்கென்று இறங்குவோர் மிகச் சிலரே. எனினும் நிலவியல் பயில்வோரிடையே வர்க்கலையின் பெயர் பரவியதற்குக் காரணம் அந்த மண்தான்.

கேரளக் கடற்கரை பெரும்பாலும் தாழ்ந்த மணற்கரை. கடலுக்கும் தென்னந்தோப்புக்கும் இடையே ஓர் ஆள் உயரமேனும் மேடு இருப்பது பல இடங்களில் அரிது; அதற்குப் பின்னால் காயல் விரிந்து கிடக்கும். தென்கேரளத்தில் வர்க்கலைக்கு வந்ததும் இந்த ஒழுங்கு மாறுகிறது. நிலம் சரிந்து இறங்காமல், நின்ற நிலையிலேயே கடலைச் சந்திக்கிறது. பள்ளிப் பாடநூல்கள் 'ஓங்கல்' என்று குறிப்பிடும் இத்தகைய செங்குத்துச் சரிவு இங்குச் சில கிலோமீட்டர் தொலைவுக்குச் சிவப்பும் மஞ்சளும் வெள்ளையும் கருமையுமாக நீண்டு நிற்கிறது. நாராயண குருவுக்கும் ஜனார்த்தனருக்கும் முன்னரே, மனிதர் எவரும் இம்மண்ணில் கால் வைப்பதற்கு முன்னரே, எழுதி முடிக்கப்பட்ட ஏடு அது என்று கூறலாம்.

இந்த ஏட்டை முறையாகப் படித்துப் பெயரிட்டவர் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த வில்லியம் கிங். திருவிதாங்கூர் இராச்சியத்தின் நிலவியல் பற்றி 1882-ம் ஆண்டில் வெளியான தம் கட்டுரையில் அவர் இவ்வடுக்குகளை 'வர்க்கல்லி அடுக்குகள்' என்று குறித்தார். நாரதர் எறிந்த வல்கலம், அதாவது மரவுரி, விழுந்த இடமாதலால் ஊருக்கு இப்பெயர் வந்தது என்பது தலபுராணம். ஆங்கிலேயர் நாவில் அப்பெயர் சிறிது திரிந்து, திரிந்த வடிவிலேயே விஞ்ஞானப் பெயராக நிலைத்துவிட்டது. இன்று கேரளக் கடலோரத்தில் எங்கேனும் ஆழ்துளைக் கிணறு தோண்டும்போது இதே வகை மண் வெளிப்பட்டால், அறிக்கையில் வர்க்கலையின் பெயரே எழுதப்படுகிறது. ஒரு சிற்றூரின் பெயர் ஒரு காலப் பகுதிக்கே அளவுகோலாக விளங்குவது எல்லா ஊருக்கும் வாய்ப்பதன்று.

குன்றின் உச்சியிலிருந்து கீழிறங்கிப் பார்ப்போம். மேலே இருப்பது செம்பூரான்கல். மலையாளத்தார் இதனை வெட்டுகல் என்பர்; நிலத்திலிருந்து வெட்டும்போது மென்மையாக இருந்து, காற்றுப் பட்டபின் இறுகும் இயல்பினது. 1800-ம் ஆண்டில் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர், கன்னடம், மலையாள நாடுகளைச் சுற்றி வந்த பிரான்சிஸ் புக்கானன், மலப்புறம் மாவட்டத்து அங்ஙாடிப்புறத்தில் இக்கல்லைக் கண்டு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று 'லாட்டரைட்டு' என்னும் பெயரை ஆக்கினார். 1807-ம் ஆண்டில் வெளிவந்த அவருடைய பயண நூலின் வாயிலாக அப்பெயர் உலகெங்கும் பரவியது. வெப்பமும் மழையும் மாறி மாறித் தாக்கும் நாட்டில், மண்ணிலுள்ள சிலிக்கா நீரோடு கரைந்து போக, இரும்பும் அலுமினியமும் எஞ்சி இறுகுவதே இக்கல். இதன் உடலெங்கும் புழு துளைத்தாற்போலத் துளைகள் உண்டு. இத்துளைகளை நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

செம்பூரான்கல்லுக்குக் கீழே மணற்கல்லும் மணல் கலந்த களியும் மாறி மாறி வருகின்றன. மணற்கல் என்ற பெயரைக் கேட்டுக் கருங்கல்லைப் போன்ற உறுதியை எதிர்பார்த்தல் கூடாது. பல இடங்களில் விரலால் தேய்த்தாலே உதிரும். அதனினும் கீழே பல நிறக் களிமண். அதற்கும் கீழே, கரிப்பொருள் நிறைந்த கருங்களியும், அதனூடே மெல்லிய பழுப்பு நிலக்கரிப் படலங்களும் உள்ளன. இக்கரி, ஒரு காலத்தில் இங்குச் சேறும் சதுப்பும் மரமும் செறிந்திருந்தன என்பதற்குச் சான்று. அக்காலம் மயோசீன் காலத்தைச் சார்ந்தது என்பர். அதாவது இன்றைக்கு 2 கோடியே 30 லட்சம் ஆண்டுகளுக்கும் 53 லட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட நெடுங்காலம். கருங்களியில் மார்க்கசைட்டு என்னும் இரும்புக் கந்தகக் கட்டிகளும் கிடைக்கின்றன. காற்றும் நீரும் இவற்றைத் தீண்டினால் அமிலம் உண்டாகும். களியின் முகத்தில் படிகாரம் பூத்திருப்பதும், கசியும் நீர் துருவின் நிறம் பெறுவதும் இதனாலேயே.

தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு இதனை விளக்க ஓர் எளிய வழி உண்டு. பழைய நிலவியலார் வர்க்கலை அடுக்குகளைக் கடலூர் மணற்கல் அடுக்குகளோடு ஒப்பிட்டனர். கடலூர் மாவட்டத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி கனத்த படிவமாகக் கிடைக்கிறது. வர்க்கலையில் அது கோடு கிழித்தாற்போல மெலிந்து கிடக்கிறது. நெய்வேலியில் 1957-ம் ஆண்டில் சுரங்கப் பணி தொடங்கியபோது பொறியாளர்களை மிகுதியும் வருத்தியது கரி அன்று, நீரே. கரிப் படிவத்துக்குக் கீழுள்ள மணலில் அழுத்தத்தோடு தேங்கிய நீரை இடைவிடாது இறைத்தால் அன்றிச் சுரங்கத்தின் அடித்தளம் பிதுங்கி உடைந்துவிடும். மணலும் களியும் கரியும் அடுக்கடுக்காக அமைந்த நிலத்தில் நீரைக் கணக்கில் கொள்ளாமல் எந்த வேலையும் செய்ய இயலாது என்பதை நெய்வேலி தன் தொடக்க நாளிலேயே கற்றுக்கொண்டது. வர்க்கலையில் அப்பாடம் இன்னும் கற்கப்படவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

மழை நீரின் வழியைச் சற்றுத் தொடர்வோம். திருவனந்தபுரம் பகுதியில் ஆண்டு மழை சுமார் 1,800 மில்லிமீட்டர். கேரளத்தின் பிற மாவட்டங்களை நோக்க இது குறைவு. எனினும் தென்மேற்குப் பருவம், வடகிழக்குப் பருவம் ஆகிய இரண்டிலும் மழை பெய்வதால் குன்று முற்றும் உலர்வதற்குக் கிடைக்கும் மாதங்கள் சிலவே. ஒரு ஹெக்டேர் நிலத்தில் இவ்வளவு மழை பெய்தால் அதன் அளவு 1 கோடியே 80 லட்சம் லிட்டர். இதில் ஒரு பகுதி ஆவியாகவும், ஒரு பகுதி மேற்பரப்பில் வழிந்தும் செல்கிறது. மீதம் செம்பூரான்கல்லின் துளைகள் வழியே இறங்கி, மணற்கல்லை நனைத்து, களிமண்ணை அடைந்ததும் நின்றுவிடுகிறது. களி அதற்கு வழி விடாது. கீழே போக இயலாத நீர் பக்கவாட்டில் நகர்கிறது. நகர்ந்து, குன்றின் கடல் நோக்கிய முகத்தில் வெளிப்படுகிறது. பாபநாசத்தில் குன்றின் அடியில் வடியும் ஊற்றுகள் யாவும் இவ்வாறு வெளிவந்த மழை நீரே.

இவ்வூற்று நீரில் நீராடினால் பாவமும் நோயும் நீங்கும் என்பது யாத்திரிகர் நம்பிக்கை. பாவத்தைப் பற்றி விஞ்ஞானம் கூறுவதற்கு ஒன்றும் இல்லை. நோயைப் பற்றிக் கூற வேண்டுமானால், ஒவ்வொரு பருவத்திலும் நீரை எடுத்துச் சோதித்து, முடிவை ஊற்றின் அருகிலேயே மலையாளத்திலும் தமிழிலும் எழுதி வைப்பதே நேர்மை. பக்தர் அதனைப் படித்துத் தாமே முடிவு செய்வர். கல்வியில்லாதவர் நம்புகிறார் என்று நகைப்பதும், நம்புகிறாரே என்று சோதிக்காமல் விடுவதும் ஒரே தவற்றின் இரு முகங்கள்.

குன்று இடிகிறது என்பது உண்மை. ஆண்டுதோறும் மழைக்காலத்தில் எங்கேனும் ஒரு பகுதி சரிகிறது. யார் இடிக்கிறார் என்று கேட்டால், ஊரிலும் பத்திரிகையிலும் வரும் விடை ஒன்றே: கடல். இவ்விடை பொய்யன்று. தென்மேற்குப் பருவத்தில் அலைகள் கரையின் மணலை வாரிச் சென்றபின் குன்றின் அடியையே தாக்குகின்றன. அடி அரிக்கப்பட்டால் மேல் நிற்காது. ஆயினும் அலை எட்டாத இடங்களிலும், அலை அடங்கிய ஐப்பசி மழையிலும் குன்று சரிவதைக் காண்போர் இவ்விடையோடு அமைதி கொள்ள இயலாது.

குன்றின் உள்ளே நிகழ்வது வேறு. களியின் மேல் தேங்கிய நீர் மணற்கல்லின் இடுக்குகளை நிரப்பி அழுத்தம் தருகிறது. ஊற்று வெளிப்படும் இடத்தில் நீரோடு மணலும் சிறிது சிறிதாக வெளியேறுகிறது. நாளடைவில் குழாய் போன்ற பொந்துகள் உண்டாகின்றன. நனைந்த களி தன் உறுதியை இழந்து வழுக்கும் பரப்பாக மாறுகிறது. மேலே இறுகிய செம்பூரான்கல் மட்டும் தாழ்வாரம் போல முன் நீட்டி நிற்கும். ஒரு நாள் அது தன் எடையாலேயே பெரும் பாளமாக விழுகிறது. மழை பெய்த அன்றே விழ வேண்டும் என்பதும் இல்லை. மேலிருந்து நீர் இறங்கி வரச் சில நாட்கள் ஆகலாம். விழுந்த மண்ணை வாரிச் செல்லும் வேலையைக் கடல் செய்கிறது. பழியும் கடலுக்கே சேர்கிறது.

இவ்வாறு நோக்கினால், குன்றைக் காக்கும் கேள்வி கடற்கரையில் தொடங்குவதில்லை. குன்றின் மேலே தொடங்குகிறது. மேலே என்ன இருக்கிறது? விளிம்பை ஒட்டிய நடைபாதை, அதனை ஒட்டி உணவு விடுதிகளும் தங்கும் விடுதிகளும் கடைகளும், வடக்குக் குன்றில் ஹெலிகாப்டர் இறங்குதளம், அவற்றின் பின்னே வீடுகளும் தோப்புகளும். நூறு சதுர மீட்டர் கூரை ஒன்றில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் திரள்கிறது. முன்னர் அந்த நீர் பரந்த நிலத்தில் பரவலாக இறங்கியது. இப்போது கூரையிலிருந்தும் சிமெண்டுத் தளத்திலிருந்தும் ஒருங்கே திரண்டு, ஒரு மூலையில் கொட்டுகிறது. அந்த மூலை விளிம்பை நோக்கி அமைந்துவிட்டால், ஒரு குன்றைச் சரிப்பதற்கு அதைவிடச் செம்மையான ஏற்பாடு வேண்டியதில்லை.

கழிவு நீரின் செய்தி இதனினும் கடியது. விளிம்புக்கு அருகே தோண்டிய உறிஞ்சுகுழியில் விடப்படும் நீர் எங்குச் செல்லும்? மழை நீர் சென்ற வழியே செல்லும். அதே துளைகள், அதே மணற்கல், அதே களி, அதே ஊற்று. மேலே விடுதியில் குளித்துவிட்டுக் கீழே வந்து ஊற்று நீரைத் தலையில் தெளித்துக்கொள்ளும் பயணி, தாம் சற்று முன் விட்ட நீரையே ஒரு பங்கு திரும்பப் பெறுகிறார் என்று கூறுவது மிகையாகத் தோன்றலாம். அடுக்குகளின் அமைப்பை அறிந்தோருக்கு அது மிகையன்று. மேலும் அக்குழிகள் கோடையிலும் ஓய்வதில்லை. மழை இல்லாத மாதங்களில் உலர்ந்து உறுதி பெற வேண்டிய மணலும் களியும் ஆண்டு முழுதும் நனைந்தே கிடக்கின்றன.

விடுதி நடத்துவோரையும் கடைக்காரரையும் எதிரிகளாகக் கருதுவதில் பயன் இல்லை. பல குடும்பங்களின் பிழைப்பு அவ்விளிம்பில்தான் நடக்கிறது. குன்று சரிந்தால் முதலில் போவது அவர்களுடைய கடை. கூரை நீரை விளிம்புக்கு எதிர்த்திசையில் திருப்புவதும், கழிவு நீரைக் குழாய்வழி உள்நாட்டுக்குக் கொண்டு செல்வதும், விளிம்பின் மேல் புதிய கனத்தை ஏற்றாமையும் அவர்கள் நலனே என்பதை அவர்கள் மொழியில், அவர்கள் கண்ணாரக் காணுமாறு எடுத்துரைத்தோர் குறைவு. சட்டத்தைக் காட்டி அதட்டுவது எளிது. கசிவைக் காட்டி விளக்குவதற்குப் பொறுமை வேண்டும்.

2024-ம் ஆண்டு ஜூன் மாதத்தில், பாபநாசத்துப் பலிமண்டபத்தை ஒட்டிய குன்றின் ஒரு பகுதியை மாவட்ட நிர்வாகம் இயந்திரங்களைக் கொண்டு இடித்து அகற்றத் தொடங்கியது. கீழே திரளும் மக்கள் மேல் மண் சரியக்கூடும் என்ற அச்சமே அதற்குக் கூறப்பட்ட காரணம். கர்க்கடக வாவு நாளில் அங்கு எவ்வளவு பெருங்கூட்டம் சேரும் என்பதை அறிந்தவர் எவரும் அவ்வச்சத்தை அலட்சியம் செய்யார். ஆயினும் இது இந்திய நிலவியல் ஆய்வுத் துறை தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவித்த இடம். அத்துறை எதிர்ப்புத் தெரிவித்தது. உயிர்ப் பாதுகாப்பு ஒருபுறம், அழிந்தால் மீளாத சான்று மறுபுறம் என்று வழக்கு எழுந்தது.

இவ்வழக்கில் இரு தரப்பாரும் தத்தம் கடமையையே பேசினர். குறை வேறோர் இடத்தில் உள்ளது. எந்தப் பாளம் எப்போது சரியும் நிலையில் உள்ளது, அதன் பின்னே நீர்மட்டம் என்ன, அவ்விடத்துக் கசிவு கடந்த மாதத்தினும் கூடியதா குறைந்ததா என்பவற்றுக்கு நாள்வாரியான பதிவு கையில் இருந்திருந்தால், இடிப்பதா தாங்குவதா என்பது ஆரவாரத்துக்கு உரிய கேள்வியாகாமல் கணக்குக்கு உரிய கேள்வியாகியிருக்கும். குன்றின் முகத்தை வெட்டினால் உள்ளே தேங்கிய நீர் அகன்றுவிடுவதில்லை என்பதும் நினைவிற்குரியது. புதிதாக வெட்டிய முகத்திலும் அது கசியவே செய்யும்.

நினைவுச் சின்னம் என்ற சொல்லும் சிலரை மயங்க வைக்கிறது. ஒரு பழங்கோயில் தூணைச் சிதைத்தவர் 1958-ம் ஆண்டுத் தொல்பொருள் சின்னங்கள் சட்டத்தின்படித் தண்டிக்கப்படலாம். அத்தூணை ஆக்கிய கல்லினும் அரிய ஓர் அடுக்கைச் சிதைப்பவரை, நிலவியல் ஆய்வுத் துறையின் பட்டியல் ஒன்றைக் கொண்டே தடுக்க முடியாது. பட்டியல் வேறு, சட்டம் வேறு. இக்குறையை நீக்கும் நோக்கத்துடன் மத்திய சுரங்க அமைச்சகம் 2022-ம் ஆண்டில் நிலவியல் மரபிடங்களைப் பாதுகாப்பதற்கான வரைவு மசோதாவைப் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது. அத்தகைய சட்டம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் சட்டம் மனிதர் கையைத் தடுக்குமே அன்றி நீரின் போக்கைத் திருப்பாது.

குன்றின் அடியில் கருங்கல் சுவர் எழுப்ப வேண்டும் என்ற கோரிக்கையும் அடிக்கடி எழுகிறது. ஏறத்தாழ 590 கிலோமீட்டர் நீளமுள்ள கேரளக் கடற்கரையில் இத்தகைய சுவர்கள் பல இடங்களில் உள்ளன. தாழ்ந்த கரையில் வீடுகளை ஒட்டி அலை புகும் இடங்களில் அவற்றுக்கு ஒரு பயன் இருக்கலாம். வர்க்கலையில் நிலை வேறு. சுவர் அலையைத் தடுக்கும். மேலிருந்து இறங்கும் நீரைத் தடுக்காது. நீர் வெளியேறும் வழியைச் சுவர் அடைத்துவிடுமாயின் உள்ளழுத்தம் மிகும். குன்றிலிருந்து உதிரும் மணல் கரைக்குச் சேராமற் போனால் கரை மெலியும். கரை மெலிந்தால் அலை இன்னும் அருகில் வரும். அத்துடன், கரிய களியும் பழுப்பு நிலக்கரியும் உள்ள அடிப்பகுதியே நிலவியலாருக்கு விலைமதிப்பற்றது. சுவர் முதலில் மறைப்பது அதனைத்தான். காப்பதற்காகக் கட்டிய சுவர், காக்க வேண்டியதையே கண்ணுக்கு எட்டாததாக்கிவிடும்.

ஆராய்ச்சி நிலையங்களுக்குக் குறைவில்லை. திருவனந்தபுரத்து ஆக்குளத்தில் 1978-ம் ஆண்டு முதல் இயங்கிவரும் புவி அறிவியல் ஆய்வு மையம் 2014-ம் ஆண்டில் மத்திய அரசின் தேசிய மையமாயிற்று. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் கேரளப் பிரிவும், நிலவியல் ஆய்வுத் துறையின் அலுவலகமும் அதே நகரில் உள்ளன. வர்க்கலை அடுக்குகள் வடக்கே ஆலப்புழைப் பக்கம் நிலத்துக்குள் ஆழ்ந்து சென்று ஆழ்துளைக் கிணறுகளுக்கு நீர் தருகின்றன; ஆகையால் இவ்வடுக்குகளைப் பற்றிய ஆய்வு விஞ்ஞானிகளுக்கு வெறும் பொழுதுபோக்கன்று. ஆனால் விஞ்ஞானி ஆண்டுக்கு இருமுறையோ மும்முறையோ குன்றுக்கு வரலாம். நாள்தோறும் அங்கிருப்பவர் வேறு சிலர்: நகராட்சிப் பணியாளர், கடற்கரை உயிர்காப்பாளர், பள்ளி ஆசிரியர், கோயில் ஊழியர்.

இவர்களால் இயலும் வேலை பெரிது. ஊற்றின் அளவை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. பத்து லிட்டர் வாளி ஒன்றும் கைக்கடிகாரம் ஒன்றும் போதும். எடுத்துக்காட்டாக, வாளி நிறைய 40 விநாடி ஆயின், ஊற்று நிமிடத்துக்கு 15 லிட்டர், நாளுக்கு 21,600 லிட்டர் தருகிறது. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே இடத்தில், ஒரே வாளியால் இதனை அளந்து எழுத வேண்டும். அருகிலுள்ள பள்ளியில் மழைமானி வைத்து அன்றன்றைய மழையைப் பதிய வேண்டும். இவ்விரண்டையும் ஒரே தாளில் வரைந்தால், மழை பெய்து எத்தனை நாளில் ஊற்று பெருகுகிறது என்பது தானே வெளிப்படும். மழையே இல்லாத மாதத்தில் ஊற்று பெருகினால் அது வேறோர் உண்மையை வெளிப்படுத்தும்; அதனைக் கேட்கச் சிலருக்கு விருப்பம் இராது.

குன்றின் முகத்தில் பெரணியும் பாசியும் ஒரு கோடு பிடித்தாற்போல வளர்ந்திருப்பதைக் கீழிருந்தே காணலாம். அக்கோடுதான் களி தொடங்கும் இடம். நீர் எங்கே வெளிப்படுகிறது என்பதைத் தாவரமே வரைந்து காட்டுகிறது. குறித்த ஓர் இடத்தில் நின்று திங்கள்தோறும் ஒரு நிழற்படம் எடுத்து, நாளும் நேரமும் எழுதி வைத்தால், புதிதாகப் பசுமை தோன்றிய இடம் புதிதாகக் கசிவு தோன்றிய இடம் என்பது புலப்படும். விரிசல்களின் இரு புறமும் வண்ணப் புள்ளியிட்டு இடைவெளியை அளப்பதும் கடினமன்று; ஆனால் மழைக்காலத்தில் விளிம்பில் நின்றோ தொங்கும் பாறையின் கீழே நின்றோ எவரும் அளக்கக் கூடாது, மாணவரை அழைத்துச் செல்லவும் கூடாது.

மாணவருக்கு வகுப்பறையே போதும். கண்ணாடித் தொட்டி ஒன்றில் அடியில் ஈரக் களிமண்ணைச் சிறிது சாய்வாக அழுத்தி, அதன் மேல் ஆற்று மணலைப் பரப்பி, அதன் மேல் உடைத்த செம்பூரான்கல்லை வைத்து, ஒரு பக்கக் கண்ணாடியை அகற்றிவிட வேண்டும். பூவாளியால் மெல்ல நீர் தெளித்தால், முதலில் ஒன்றும் நிகழாது. சிறிது நேரம் கழித்துக் களியும் மணலும் சேருமிடத்தில் ஒரு துளி தோன்றும்; பின்னர் துளியோடு மணல் வரும்; இறுதியில் மேலுள்ள கல் சரியும். கடல் என்ற ஒன்று அந்தத் தொட்டியில் இல்லை என்பதை ஆசிரியர் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. யாரேனும் ஒரு மாணவன் தானே கேட்பான்.

வர்க்கலைக் குன்றை மனிதர் அறிந்தது இன்று நேற்றன்று. திருவனந்தபுரத்துக்கும் கொல்லத்துக்கும் இடையே காயல் வழியாகப் படகு விட முயன்ற திருவிதாங்கூர் அரசுக்கு இக்குன்றுதான் குறுக்கே நின்றது. சுற்றிச் செல்ல வழியில்லை. 19-ம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதனைக் குடைந்து இரு சுரங்க வழிகள் அமைத்தனர். அக்காலத்துப் பொறியாளர் இம்மண்ணின் உள்ளேயே புகுந்து வேலை செய்தவர்கள். பின்னர் வந்த படகுகள் அவர்கள் உழைப்பின் மேல் சென்றன. நெடுங்காலமாகப் போக்குவரத்து நின்றிருந்த அந்நீர்வழியைப் புதுப்பிக்கும் திட்டம் அண்மை ஆண்டுகளில் மீண்டும் கையெடுக்கப்பட்டுள்ளது. சுரங்கச் சுவரில் கசியும் நீரும் குன்றின் நீர்க்கணக்கில் சேர்க்கத்தக்கதே.

இப்போது அவசரமும் ஒன்று சேர்ந்துள்ளது. 2025-ம் ஆண்டு செப்டம்பரில், உலக மரபுச் சின்னங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் வர்க்கலைக் குன்று சேர்க்கப்பட்டது. ஆந்திரத்தின் திருமலைக் குன்றுகளும் எர்ரமட்டி திப்பலு என்னும் விசாகப்பட்டினத்துச் செம்மணல் மேடுகளும் அதே தவணையில் சேர்ந்தன. உத்தேசப் பட்டியலில் இடம் பெறுதல் முதற்படியே. முழு விண்ணப்பம் செய்யும்போது, காக்கப்படும் இடத்தின் எல்லையையும், அதனைச் சூழ்ந்த காப்பு வளையத்தின் எல்லையையும் வரைபடத்தில் குறித்துக் காட்ட வேண்டும்.

எல்லையை எங்கே வரைவது என்பதில்தான் அனைத்தும் அடங்கியிருக்கிறது. பார்ப்பவர் கண்ணைக் கவர்வது குன்றின் முகமாதலால், விளிம்பிலிருந்து சில மீட்டர் தள்ளிக் கோடு வரைந்து நிறைவு கொள்ளத் தோன்றும். அவ்வாறாயின், குன்றை நனைக்கும் நிலம் கோட்டுக்கு வெளியே நிற்கும்; அங்கு எதுவும் கட்டலாம், எதுவும் தோண்டலாம், எந்த நீரையும் விடலாம். ஊற்றுக்கு நீர் எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறதோ அவ்வளவு தொலைவுக்குக் கோடு உள்ளே செல்ல வேண்டும். அத்தொலைவைக் கூறவல்லவை மேட்டுநிலத்து வீடுகளின் கிணறுகள். கேரளத்தில் கிணறில்லாத பழைய வீட்டைக் காண்பது அரிது. ஒவ்வொன்றிலும் கயிறு எத்தனை முழம் இறங்குகிறது என்பது அவ்வீட்டாருக்குத் தெரியும். கடலிலிருந்து உள்நாடு நோக்கி ஒரே வரிசையில் அமைந்த இருபது கிணறுகளின் நீர்மட்டத்தைப் பங்குனியில் ஒருமுறையும் ஆடியில் ஒருமுறையும் கார்த்திகையில் ஒருமுறையும் அளந்தால், நீர் கடல் நோக்கிச் சாயத் தொடங்கும் இடம் தெரிந்துவிடும். விண்ணப்பம் எழுதுவோர் வரைபடத்தை விரிப்பதற்கு முன் அந்த இருபது கிணறுகளின் கணக்கு அவர்கள் மேசை மேல் இருத்தல் வேண்டும்.